பந்து எங்கே? வலை மேலே!

லின்னியாவின் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை என்பது பிர்ச் லேண்டிங் ஊரில் எல்லோருக்கும் தெரியும். வகுப்பில் அவள் தும்மினால், "உடம்பைப் பாத்துக்கோ!" என்று பக்கத்து வகுப்பிலிருந்து பதில் வரும்.

அந்தச் சனிக்கிழமை பேஸ்பால் மைதானத்திலும் அவள் குரல்தான் எல்லோர் குரலுக்கும் மேலே கேட்டது.

"க்வாக்! க்வாக்! க்வாக்!"

ஊர் அணியின் பெயர் வாத்துகள். வாத்துகள் ஓர் ஓட்டம் எடுத்தால், எல்லோரும் எழுந்து நின்று மூன்று முறை வாத்து போலக் கத்த வேண்டும். மற்ற நாட்களில் நாலைந்து தடவை எழுந்தால் அதிகம். இன்றைக்கு ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவதிலேயே இருபத்து நான்கு தடவை எழுந்தாயிற்று. எதிரணியான ஐயன் ஹில் ஊர்க் கரடிகள் எடுத்ததோ இரண்டே ஓட்டம்.

"எனக்கு முட்டி விட்டுப் போச்சு," என்றார் அப்பா. "இனிமே உக்காந்த இடத்துலயே கத்திக்கிறேன்."

பின் பெஞ்சிலிருந்து பெர்க்டால் எட்டிப் பார்த்தார். ஊரில் பாதித் தலைகளுக்கு முடி வெட்டுபவர் அவர்தான்.

"இப்போ போய் உக்காரலாமா? இந்த லீக்ல இதுவரைக்கும் யாரும் முப்பத்திரண்டு ஓட்டத்தைத் தாண்டினதில்லை. இன்னிக்கு நாம தாண்டுவோம் பாருங்க!"

"பாவம், ஆட்டத்தை இதோட நிறுத்திடக் கூடாதா?" என்றார் அப்பா.

"அப்படி ஒரு விதியே இங்க கிடையாதே!" பெர்க்டால் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

அப்போதுதான் கரடிகள் அணியில் பந்து வீச ஒரு புதிய ஆள் வந்தான். ஒல்லியான உடம்பு, நீளமான கைகள். முதல் பந்தை ஓங்கி எறிந்தான். அது அடிக்க வேண்டியவரின் தலைக்கு மேலே பறந்து, அதைப் பிடிக்க வேண்டியவரின் தலைக்கும் மேலே பறந்து, பின்னால் இருந்த கம்பி வலையில் 'ஜிங்' என்று மோதியது.

கூட்டம் சிரித்தது. இரண்டாவது பந்தும் 'ஜிங்'.

லின்னியா பெஞ்சின் மேல் ஏறி நின்றாள்.

"பந்து எங்கே?" என்று கத்தினாள். பதிலையும் அவளே சொன்னாள். "வலை மேலே!"

பெர்க்டால் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த பந்துக்கு அவள் "பந்து எங்கே?" என்றதும் சுற்றி இருந்தவர்கள் "வலை மேலே!" என்றார்கள். அதற்கடுத்த பந்துக்கு அந்த வரிசை முழுவதும். பிறகு மைதானம் முழுவதும்.

நான்கு பந்து தவறினால், அடிக்க வந்தவர் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். வாத்துகள் வரிசையாக நடந்து, நான்கு பேஸையும் சுற்றி வந்து ஓட்டம் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள். லின்னியா கேட்கக் கேட்க, நூற்றுக்கணக்கானவர்கள் பதில் சொன்னார்கள். இப்படி ஒரு நாள் அவள் வாழ்க்கையில் வந்ததே இல்லை.

ஒருவழியாக அந்த இன்னிங்ஸ் முடிந்தபோது வாத்துகள் இருபத்தொன்பது.

"போய்த் தொண்டையை நனைச்சுட்டு வா," என்று பெர்க்டால் அவள் தோளில் தட்டினார். "உன்னை நம்பித்தான் இருக்கோம்."

கரடிகள் மட்டை பிடிக்கும் நேரத்தில், லின்னியா போய் எலுமிச்சைச் சாறு வாங்கினாள். கடைக்குப் பக்கத்தில் இருந்த குழாயில், அவள் வயதுப் பெண் ஒருத்தி முகம் கழுவிக்கொண்டிருந்தாள். ஒருமுறை கழுவினாள். துடைத்தாள். மறுபடியும் கழுவினாள். கரடிகளின் பழுப்புத் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள்.

கண்கள் சிவந்திருந்தன.

"கண்ணுல தூசியா?" என்று கேட்டாள் லின்னியா.

"இல்ல. அழுதேன்," என்றாள் அந்தப் பெண், ஒளிக்காமல். "பந்து போடறது எங்க அண்ணன். ஆன்டன்."

லின்னியா உறிஞ்சப் போன சாற்றை வாயிலிருந்து எடுத்தாள்.

"அவனுக்குப் பந்து போடவே தெரியாது," என்று அந்தப் பெண் தொடர்ந்தாள். "எப்பவும் தூரத்துல நின்னு பந்து பிடிக்கிறவன். பந்து போடற மூணு பேருக்கும் கை ஓய்ஞ்சு போச்சு. ஒருத்தனுக்குத் தோளே தூக்க முடியல. 'வேற யாரு போடறீங்க?'னு பயிற்சியாளர் கேட்டாரு. எல்லாரும் குனிஞ்சு ஷூவைப் பாத்தாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன். இவன்தான் கையைத் தூக்கினான்."

லின்னியா சாற்றைக் குழாயடித் திண்டில் வைத்தாள்.

"தோக்கறது பரவாயில்லை. நாங்க நிறைய தடவை தோத்திருக்கோம்," என்று மூக்கை உறிஞ்சினாள் அவள். "அந்தப் பாட்டுதான்... முதல்ல ஒரு பொண்ணு கத்தறாளே, அவ யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றாள் லின்னியா.

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அதுவும் மிக மெல்லிய குரலில். அவ்வளவு மெதுவாகப் பேச வரும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தப் பெண் தன் கையிலிருந்த உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தை நீட்டினாள். "எடுத்துக்கோ. என் பேரு மிலா. இந்த ஊர்ல என்கிட்ட நல்லபடியா பேசின முதல் ஆள் நீதான்."

லின்னியா ஒன்றே ஒன்று எடுத்தாள். அதைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

அவள் இடத்துக்குத் திரும்பியபோது எட்டாவது இன்னிங்ஸில் வாத்துகள் மட்டை பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆன்டன் மறுபடியும் பந்துடன் நின்றான். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"வந்துட்டா பாட்டுக்காரி!" என்றார் பெர்க்டால். "ஆரம்பி, ஆரம்பி!"

"வேண்டாம்," என்றாள் லின்னியா. "போதும். அந்த அண்ணனுக்குப் பந்து போடத் தெரியாதாம்."

"அதான் தெரியுதே!" என்று பெர்க்டால் சிரித்தார்.

'ஜிங்.' எங்கிருந்தோ ஒரு குரல் "பந்து எங்கே?" என்றது. "வலை மேலே!" என்று மைதானம் அதிர்ந்தது. அவள் இல்லாமலே பாட்டு நடந்தது. நிறுத்தவும் அவளால் முடியவில்லை. லின்னியாவுக்குக் காது மடல் இரண்டும் சுட்டன. அத்தனை வாயிலிருந்தும் தன்னுடைய சொல்லே திரும்பத் திரும்ப வந்தது. பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

"அப்பா, நான் அந்தப் பக்கம் போறேன்."

"அது கரடிகளோட பக்கம்டா."

"தெரியும்பா."

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். காலை ஒதுக்கி வழிவிட்டார்.

எதிர்ப்பக்க பெஞ்சுகளில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருந்தார்கள். நடுவில் மிலா. லின்னியாவைக் கண்டதும் அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். லின்னியா உட்காரவில்லை.

"மிலா, நான் பொய் சொன்னேன். அந்தப் பாட்டை ஆரம்பிச்சது நான்தான்."

மிலா அவளையே பார்த்தாள். பிறகு வறுவல் பொட்டலத்தை எடுத்து மறுபக்கம் வைத்தாள்.

"போயிடு."

லின்னியா போகவில்லை. இரண்டு பெஞ்சு தள்ளிக் கீழே உட்கார்ந்தாள். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். தான் அழுது மிலாவிடம் பரிதாபம் வாங்குவது நியாயமில்லை என்று தோன்றியது.

எல்லா பேஸிலும் ஆட்கள் நின்றார்கள். பலகையில் முப்பத்திரண்டு. இன்னும் ஒன்று எடுத்தால் சாதனை. கூட்டம் காலைத் தரையில் தட்டியது. ஆன்டன் பந்தைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றான். எறியவே பயமாக இருந்தது போல.

லின்னியா எழுந்தாள்.

"ஆன்டன்! மெதுவாவே போடு! உனக்கு ஒரு அவசரமும் இல்ல!"

அந்தக் குரலை யாருக்குத்தான் தெரியாது? மைதானம் முழுவதும் திரும்பியது.

"ஏய், அது நம்ம வாத்துதானே? கரடிக் குகையில என்ன பண்ணுது?" என்று யாரோ கேட்க, சிரிப்பு எழுந்தது. இம்முறை அவளைப் பார்த்து. அது எப்படி இருக்கும் என்று லின்னியாவுக்கு இப்போது தெரிந்தது. ஆனாலும் அவள் உட்காரவில்லை.

ஆன்டன் மூச்சை இழுத்துவிட்டு, ஓங்காமல் எறிந்தான். பந்து நேராகப் போய் 'டப்' என்று பிடிப்பவரின் கையுறையில் விழுந்தது.

"பந்து எங்கே?" என்று லின்னியா கத்தினாள்.

"வலை..." என்று பழக்கத்தில் தொடங்கிய கூட்டம் பாதியில் விழித்தது.

அந்த மௌனத்தில், அவளுக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு குரல் கிறீச்சிட்டது.

"கையிலே!"

மிலா பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்த பந்தை மட்டைக்காரர் அடித்தார். ஓர் ஆள் ஓடி வந்து சேர்ந்தான். முப்பத்து மூன்று! க்வாக், க்வாக், க்வாக்! பெர்க்டால் தொப்பியை மேலே வீசினார். அது யாருடைய சாற்றிலோ விழுந்தது. சாதனை உடைந்தது உடைந்ததுதான்.

ஆனால் ஆன்டன் மெதுவாகவே போட்டான். "பந்து எங்கே?" என்று லின்னியா கேட்டாள். "கையிலே!" என்றார்கள் கரடிப் பக்கத்துப் பன்னிரண்டு பேரும். ஒருவர் அவுட். இன்னொருவர் அவுட். மூன்றாவது ஆள் அடித்த பந்து ஆன்டனை நோக்கியே உருண்டு வந்தது. அவன் பாய்ந்து எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தான். அவுட்!

எதிர்ப்பக்கத்தில் ஒருவர் எழுந்து நின்று கை தட்டினார். அது அப்பா. முட்டி வலியோடு. அவரைப் பார்த்து இன்னும் சிலர் எழுந்தார்கள். பெர்க்டால் மட்டும் ஈரத் தொப்பியைப் பிழிந்துகொண்டிருந்தார். பிறகு அவரும் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டினார்.

ஆட்டம் முடிந்ததும் ஆன்டன் வேலியோரம் வந்தான். மிலா லின்னியாவை முன்னால் தள்ளினாள்.

"இவதான்," என்றாள்.

"மன்னிச்சிருங்க," என்றாள் லின்னியா தரையைப் பார்த்து. "அந்தப் பாட்டை நான்தான்..."

"நல்ல பாட்டுதான். தாளம்கூட சரியா இருந்துச்சு," என்றான் ஆன்டன். பிறகு கழுத்தைத் தடவிக்கொண்டான். "ஆனா, அங்க நின்னு கேக்கறதுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

லின்னியா தலையை ஆட்டினாள். அவன் அப்படிச் சொன்னது, 'பரவாயில்லை' என்று சொல்வதைவிட நன்றாக இருந்தது.

கரடிகளின் பேருந்து ஹார்ன் அடித்தது. படியில் ஏறிய மிலா திரும்பிப் பார்த்தாள்.

"அடுத்த மாசம் உங்க வாத்துங்க எங்க ஊருக்கு வருது. நீயும் வா. உங்க ஆளுங்களைப் பத்தி நான் ரெண்டு பாட்டு கட்டப் போறேன்."

"எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு நீ கத்தினதுக்கு. ஒண்ணு 'தெரியாது'ன்னு சொன்னதுக்கு."

லின்னியா யோசித்துப் பார்த்தாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"கட்டாயம் வரேன்!" என்று அவள் கத்தியதில், அவளும் ஏற வருவதாக நினைத்து, மூடிய கதவைப் பேருந்து ஓட்டுநர் மறுபடியும் திறந்துவிட்டார்.