ஞாயிறு இரவு வரை மட்டும்

"உங்க புருஷன் தானா சாகலைம்மா. கொன்னிருக்காங்க."

போலீஸ் மேஜர் ஒராஸ் சொல்லி முடிக்கவும், சமையலறையில் போன் அலறவும் சரியாக இருந்தது.

அக்மரால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

கணவன் பெக்தாஸை அன்று காலைதான் அடக்கம் செய்திருந்தார்கள். திங்கட்கிழமை விடிந்தபோது படுக்கையில் விறைத்துக் கிடந்தவன். மாரடைப்பு என்று நம்பித்தான் பாதி அல்மாட்டி வந்து அழுதுவிட்டுப் போனது. ரத்தப் பரிசோதனை வேறு கதை சொன்னது.

"ஞாயித்துக்கிழமை ராத்திரி குடிச்ச டீயில இதய மாத்திரை. ஒரு முழு அட்டை. டீ போட்டது யாரு?"

"நான்தான்..."

"ஊத்திக் கொடுத்தது?"

"நான்தான். மருமகதானே சார் ஊத்தணும். ஆனா பக்கத்துல அண்ணியும் உக்காந்திருந்தாங்க."

சமையலறைக்குள்ளிருந்து சீறல் வந்தது.

"என் தம்பியை முழுங்கிட்டு இப்ப எம்மேல கை காட்டறியாடி?"

ரௌஷான். பெக்தாஸின் அக்கா. இதே வீட்டில் பத்து வருடமாக உட்கார்ந்து சாப்பிட்டு, இதே வீட்டு மருமகளைக் கரித்துக் கொட்டுவதையே தொழிலாகக் கொண்டவள். தம்பியின் ஆத்மாவுக்காக ஏழு ஷெல்பெக் ரொட்டி சுட மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அந்த நேரத்திலும் வாய்க்கு ஓய்வு கிடையாது.

அக்மரால் மேஜரைப் பார்த்தாள்.

"இந்த வாரம் வீட்டை என் பேருக்கு எழுதறதா இருந்தார் சார். அதுக்கு முன்னாடி நான் எதுக்கு அவரைக் கொல்லணும்?"

"எழுதப் போறார்னு யார் சொன்னா?"

"அவர்தான்."

"செத்தவரை நான் விசாரிக்க முடியாதும்மா. கோட்டை எடுத்துக்கங்க. கிளம்பலாம்."

அவ்வளவுதான். புருஷனும் போனான், இனி சிறை. அக்மராலுக்கு அழக்கூடத் தோன்றவில்லை.

போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. ரௌஷானின் கையெல்லாம் மாவு. முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"மேடம், மளிகை ஆப்லேர்ந்து பேசறோம். உங்க கேஷ்பேக் புகார் விஷயமா..."

"இப்பதான் விடிஞ்சுதா உங்களுக்கு? எங்க என் இருபது பர்சென்ட்?"

"ஆஃபர் ஞாயிறு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும்தான் மேடம். உங்களுக்குத் திங்கட்கிழமை மதியம்தான் டெலிவரி ஆயிருக்கு. அதனால..."

"அதனால அமுக்கிடலாம்னு பாக்கறியா? விதிமுறையைப் படிச்சிருக்கியா நீ? நான் படிச்சிருக்கேன். கீழ பொடி எழுத்துல இருக்கு பாரு. ஆர்டர் செய்த நேரமே கணக்கு. டெலிவரி நேரம்னு எங்கயாவது போட்டிருக்கா?"

"நீங்க எப்ப ஆர்டர் பண்ணீங்க மேடம்?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம். கம்ப்யூட்டர்ல பாரு. கண்ணு அவிஞ்சு போச்சா?"

கோட்டில் ஒரு கையை நுழைத்திருந்த அக்மரால் அப்படியே நின்றாள்.

'தம்பி பொணத்தைப் பார்த்த கையோட ஆர்டர் போட்டேன். மதியத்துக்குள்ள எல்லாம் வந்துடுச்சு.' வந்தவர்களிடமெல்லாம் ரௌஷான் அப்படித்தானே பீற்றிக்கொண்டாள்?

"சார், ஒரு நிமிஷம். அந்த போனைக் கொஞ்சம் கேளுங்க."

"குடும்பச் சண்டையெல்லாம் அப்புறம்."

"கேளுங்க சார்."

போனில் அந்தப் பெண் பட்டியலை வாசித்தாள். குதிரைக்கறி, மாவு மூட்டை, எண்ணெய், சர்க்கரை, டீத்தூள்...

"யாராவது விருந்துக்கு வராங்கன்னு வாங்கியிருக்கலாம்" என்றார் ஒராஸ் அலட்சியமாக.

"நீங்க சொன்னது சரிதான் மேடம், ஆர்டர் ஞாயித்துக்கிழமைதான். ஆனா கடைசிப் பொருளுக்கு மட்டும் கேஷ்பேக் வராது. உணவுப் பொருளுக்கு மட்டும்னு விதி."

"அதையும் சேர்த்தாதான் ஆஃபருக்கு வேண்டிய தொகை வருதுன்னு உங்க ஆப்தானே காட்டுச்சு? அதுக்காகத்தானே அதையும் உங்ககிட்டயே வாங்கினேன்!"

"தொகைக்குச் சேரும் மேடம். கேஷ்பேக்குக்குச் சேராது. கஃபன் துணி சாப்பாட்டுப் பொருள் இல்லையே."

மாவு பிசைந்த கை நின்றது.

ரௌஷான் மெல்லத் திரும்பினாள். சமையலறை வாசலில் மேஜர்.

"தம்பி உயிரோட இருக்கும்போதே பொணத்துக்குச் சுத்தற கஃபன் துணியா?"

அவர் குரலில் இப்போது அலட்சியம் இல்லை.

ரௌஷானின் முகம் ஒரு கணம்தான் வெளுத்தது. அடுத்த கணம் கண்ணில் நீர். அந்தக் கண்ணீருக்குத் தனியாகக் குழாய் வைத்திருந்தாள் போல.

"எனக்கு வயசாகலையா தம்பி? நான் போறப்ப யாருக்கும் பாரமா இருக்கக் கூடாதுன்னு எனக்கு நானே வாங்கி வெச்சேன். அது அவனுக்கு உடுத்தற மாதிரி ஆயிடுச்சே..."

ஒராஸின் தோள்கள் தளர்ந்தன.

"எங்க அம்மாவும் பெட்டியில எடுத்து வெச்சிருக்காங்க. பெரியவங்க செய்யறதுதான்." அக்மராலிடம் திரும்பினார். "வாங்கம்மா, போகலாம்."

போச்சு. கிழவி வழுக்கிக்கொண்டு போகிறாள்.

அக்மரால் நகரவில்லை. மாவு அப்பிய போனை நோக்கிக் குனிந்தாள்.

"ஏம்மா... அந்தத் துணி எத்தனை துண்டு?"

"மூணு துண்டு செட் மேடம்."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"மூணுதான் மேடம். அஞ்சு துண்டு செட்டும் எங்ககிட்ட இருக்கு, விலை ஜாஸ்தி. இவங்க மூணுதான் எடுத்திருக்காங்க."

அக்மரால் நிமிர்ந்தாள். நாத்தனாரின் கண்ணுக்கு நேராகப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

"பொம்பளைக்கு அஞ்சு துண்டு, அண்ணி. மூணு துண்டு ஆம்பளைக்கு."



இந்த வீட்டில் அப்போது இருந்த ஆம்பளை பெக்தாஸ் ஒருவன்தான்.

"அது... அவசரத்துல தப்பா எடுத்துட்டேன்..."

"பொடி எழுத்தை வரி வரியாப் படிக்கிற ஆளு நீங்க" என்றார் ஒராஸ். "கையைக் கழுவிட்டு வாங்க. விலங்குல மாவு ஒட்டும்."

"வீட்டை இவளுக்கு எழுதி வெச்சுட்டு என்னைத் தெருவுல விடப் பாத்தான் என் தம்பி! கூடப் பிறந்தவ நான் எங்க போவேன்?"

கேட்காமலே வந்து விழுந்தது வாக்குமூலம். அக்மரால் கழற்றிய கோட்டை ஆணியில் மாட்டினாள்.

போனில் அந்தப் பெண் இன்னும் பொறுமையாகக் காத்திருந்தாள்.

"மேடம், உணவுப் பொருளுக்கான கேஷ்பேக்கை ஏத்திட்டேன். ஆனா மூணு மாசத்துக்குள்ள மளிகை வாங்கிச் செலவு பண்ணிடணும். இல்லேன்னா காலாவதி ஆயிடும்."

ஒராஸ் போனைக் கையில் எடுத்தார்.

"காலாவதி ஆகட்டும்மா. இனிமே அவங்க சாப்பாடு அரசாங்க செலவு. குறைஞ்சபட்சம் பதினஞ்சு வருஷம், டெலிவரியும் இலவசம்."