மூன்றாவது தட்டு

எட்டாம் வகுப்பு அறையின் புதுக் கூரையட்டைக்கு மேலே இரண்டு தட்டு கேட்டது.

காவல்காரர் சிலுவை பெருக்குவதை நிறுத்தினார். மே மாதத்து உச்சிவெயில். பள்ளிக்கூடத்தில் அவரைத் தவிர ஈ காக்கை கிடையாது. கடல்காற்று இன்னும் ஏறவில்லை, உப்பளத்துப் பக்கமிருந்து வந்த அனல் பெயின்ட் வாசனையோடு கலந்து அறைக்குள் தேங்கிக் கிடந்தது, அந்த வாசனைக்கு அடியில் பொசுங்கிய மயிர் நாற்றம் ஒன்றும் படுத்துக் கிடந்தது.

எலியாக இருக்கும். ஆனால் எலி எண்ணித் தட்டுமா?

டொக். டொக்.

எண்ணித் தட்டுகிறவன் ஒருத்தன்தான். வயர்மேன் ஜோன்ஸ். முப்பது வருஷமாக இங்கே கரண்டு வேலை அவனுடையது. எவனையும் நம்பமாட்டான். பீங்கான் ஃபியூஸைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டுதான் மேலே ஏறுவான். வேலை முடிந்தால் மூன்று தட்டு. பிறகு மேலிருந்தே கையை நீட்டி ஃபியூஸைச் சிலுவையிடம் கொடுப்பான். "இந்தா, சொருகு."

இந்தக் கோடையில் கரண்டை மிச்சம் பிடிக்கிறோம் என்று ஓட்டுமேல் சோலார் தகடும், ஓட்டுக்கு அடியில் சூடு இறங்காத அட்டையும், புது விளக்கும் வந்தன. காண்ட்ராக்டர் தேவபிரசாதம் சிலுவையின் தங்கை மகன். பழைய ஃபியூஸெல்லாம் இரும்புக்கடைக்குப் போயிற்று. அதற்குப் பதிலாகக் கதவோரத்தில் சுவிட்சு வந்தது; மடியில் கட்ட ஒன்றுமில்லை. முந்தாநாள் ஓட்டுக்கும் அட்டைக்கும் நடுவே ஏறும்போது ஜோன்ஸ் சொன்னான்: "சுவிட்சுப் பக்கத்துலயே நில்லுலே. நான் தட்டாம போட்டுராத."

அரை மணி கழித்துப் பிரசாதம் வந்தான். "ஜோன்ஸ் அண்ணாச்சி பின்பக்கமா இறங்கிப் புதுக்கோட்டைக்குப் போயிட்டாரு மாமா. வேலையப் பாக்க ஆபீசர் வாரார், சுவிட்சப் போடும்."

தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. போட்டார். விளக்கு ஒரு தரம் மங்கி, பிறகு நன்றாக எரிந்தது. அன்று சாயங்காலமே ஆள் ஏறும் ஓட்டையைப் பிரசாதம் அட்டை வைத்து மூடினான். ஜோன்ஸ் தனிக்கட்டை. இரண்டு நாளாகச் செல்லை எடுக்கவில்லை.

டொக். டொக்.

சிலுவை செல்லை எடுத்து மருமகனைக் கூப்பிட்டார். "ஏலே, ஜோன்ஸ் இறங்குனத நீ கண்ணால பாத்தியா?"

பிரசாதத்தின் குரல் தணிந்தது.

"சுவிட்சப் போட்டது யாரு கை மாமா? ஆள் இறங்கியாச்சுன்னு காயிதத்துல கையெழுத்துப் போட்டது யாரு? வாசிச்சா போட்டீரு?"

"நீ நீட்டுன, போட்டேன். எந்தங்கச்சி மவன்லா நீ!"

"அப்பம் பேசாம கெடயும். பள்ளிக்கூடம் தொறக்க இன்னும் இருவது நாள் கெடக்கு. ஓட்டுச் சூட்டுல காஞ்சிரும்."

செல் அணைந்தது.

டொக். டொக்.

சுவர் பிடித்து நடந்தார். கதவோரத்துச் சுவிட்சைக் கீழே தள்ளினார். விளக்கு அணைந்தது. விசிறி சுற்றிச் சுற்றி நின்றது.

டொக். டொக்.

டொக்.

மூன்று.

அட்டை விலகியது. வெள்ளைத் தூள் உதிர்ந்தது. கரிந்த கை ஒன்று இறங்கியது. நிதானமாக. முழங்கை வரை. விரல்களுக்குள், இரும்புக்கடைக்குப் போன பீங்கான் ஃபியூஸ், வெள்ளைவெளேரென்று.

சிலுவை அசையவில்லை.

கையும் போகவில்லை. அவர் எப்போதும்போல் வாங்கிக்கொள்வார் என்று நம்பி, நீட்டியபடியே நின்றது.