சபிதா டீச்சர் ஜெயித்த வாதம்

நாகர்கோவில் அண்ணா பஸ் ஸ்டாண்டில் மழை சாய்ந்து அடித்தது. மணவாளக்குறிச்சி பஸ் வந்து நிற்குமுன்னே கூட்டம் மொய்த்துக்கொள்ள, சபிதா ஜன்னல் வழியாகத் துணிப்பையைப் போட்டு ஒரு சீட்டைப் பிடித்தாள். முட்டி மோதி உள்ளே ஏறிப் பார்த்தால்... சீட்டில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். பை கீழே ஈரத்தில் கிடந்தது.

"அது எனக்க சீட்டு."

"பைதானே இருந்துது. ஆளக் காணலியே அக்கா."

அக்காவாம்... அவனுக்கும் அவள் வயதுதான் இருக்கும். பையைத் திறந்தாள். திருத்துவதற்காக எடுத்துவந்த மாணவர்களின் கட்டுரைகள் மை கரைந்து நீலமாய்க் கிடந்தன. அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவன் பதறி எழுந்தான்.

"உள்ள பேப்பர் இருக்குன்னு தெரியாது... நீங்க இருங்க."

"எனக்கு வேண்டாம்."

அவளும் உட்காரவில்லை, அவனும் உட்காரவில்லை. செட்டிகுளத்தில் ஏறிய மீன்காரம்மா, "யாருக்கும் வேண்டாமா மக்கா?" என்று கேட்டபடி அந்த சீட்டில் அமர்ந்துகொண்டாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தாள். சிரிக்கும்போதும் உறக்கமிழந்தவை போலிருந்த கண்கள்... இமையில் மழைத்துளி நின்றது.

மறுநாள் அவள் வகுப்பில் கடைசி பெஞ்சில் அவன் இருந்தான். வெளிநாடு போகும் நர்ஸ்களுக்கு ஆங்கிலத் தேர்வுப் பயிற்சி தரும் இடம் அது. பெயர் ஜெனித். மற்றதிலெல்லாம் தேறியவன், வாதக் கட்டுரையில் மட்டும் இரண்டு முறை தோற்றிருந்தான்.

'முதிய பெற்றோரை விட்டு வெளிநாட்டு வேலைக்குப் போவது சரியா?' என்று போர்டில் எழுதிவிட்டு சபிதா திரும்பினாள்.

"முதல்ல ஒரு பக்கம் நில்லுங்க. காரணம் சொல்லுங்க, அதுக்கு ஒரு உதாரணம் குடுங்க. பின்ன எதிர்ல நிக்கவன் என்ன சொல்லுவான்னு யோசிங்க. அவனுக்க பலமான காரணத்தையே எடுங்க. அதுக்குப் பதில் சொன்னாதான் வாசிக்கவன் உங்க பக்கம் வருவான்."

ஜெனித் முதல் பத்தியில் 'சரி' என்று எழுதியிருந்தான். இரண்டாவதில் 'தவறு'. மூன்றாவது பாதியில் நின்றது.

"நீங்க எந்தப் பக்கம்?"

"தெரியல டீச்சர். எனக்க அம்மை மரிச்சப்ப நான் சவுதியில டியூட்டியில நின்னேன். அடக்கத்த போன்லதான் பாத்தேன். ஆனா நான் போகலன்னா அம்மைக்கு அத்தன நாளு மருந்து கிடைச்சிருக்காது... எதத் தப்புன்னு எழுத?"

அவள் போர்டில் எழுதியதைத் திரும்பிப் பார்த்தாள். இதே வகுப்பில் அவள் தம்பி ஸ்ரீஜித்துக்கும் எழுதக் கற்றுக்கொடுத்திருந்தாள். கனடாவுக்குப் போனவன், அப்பா சுயம்புவுக்குப் பக்கவாதம் வந்தபோதுகூட எட்டிப் பார்க்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் இருவரும் பஸ் ஸ்டாண்டுக்குச் சேர்ந்து நடப்பது வழக்கமாயிற்று. "ஜன்னல் சீட்டு எனக்கு வேணும். காரணம், எனக்கு ஓக்காளம் வரும்" என்பான். "உதாரணம் எங்க?" என்பாள். "காட்டினா பக்கத்துல இருக்க மாட்டீங்க டீச்சர்..." பல மாதங்களுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அந்த வழியில்தான்.

ஒரு மழை மாலையில், மூடிய கடையின் கூரையடியில் நின்று அவன் கேட்டான்.

"எனக்கு உங்கள பிடிச்சிருக்கு டீச்சர். வீட்டுல வந்து பேசட்டா?"

உள்ளே ஏதோ துள்ளியது... மறுகணமே வாசலையே பார்த்துக் கிடக்கும் அப்பாவின் முகம் வந்தது. இவனும் போகிறவன்தானே. இன்னொரு தடவை அவளால் தாங்க முடியுமா? பயம் வீம்பாய் மாறியது.

"நீங்க போறவரு. கிடையில கிடக்க அப்பாவ விட்டுட்டு நான் வரமுடியாது. நாங்க அய்யாவழி, பதியில கும்பிடறவங்க. நீங்க கிறிஸ்தவங்க, பள்ளிக்குப் போறவங்க. பிரியம் இருந்தா எல்லாம் சரியாவும்னு சொல்லுவீங்க. எனக்க தம்பிக்கும் எங்க மேல பிரியம் இருந்துது. தூரம் போனா அது தேஞ்சிரும்."

சொல்லச் சொல்ல அவன் முகம் வாடிக்கொண்டே போனது.

"கொள்ளாம் டீச்சர், நல்ல வாதம்... மறுத்துப் பேச எனக்கு ஒண்ணுமில்ல."

மழையில் இறங்கி நடந்தான். திரும்பிப் பார்ப்பான் என்று நின்றாள்... பார்க்கவில்லை.

அதன்பின் அவன் வகுப்புக்கு வரவில்லை. மழைக்காலமும் முடிந்தது. ஒரு நாள் அலுவலகத்தில் இருக்கும் ஜினிஷா சொன்னாள்: "ஜெனித் பாஸாயிட்டாரு டீச்சர். அயர்லாந்தாம். இன்னிக்கு மத்தியானம் ரயில்ல திருவனந்தபுரம் போயி, அங்கேருந்து பிளைட்டு."

வகுப்பைப் பாதியில் விட்டு ஆட்டோ பிடித்தாள்.

ரயில் வந்து நின்றிருந்தது. ஜெனித்தின் அப்பா டைட்டஸ் தண்ணீர் வாங்கப் போயிருந்தார். அவளைக் கண்டதும் ஜெனித் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றான்.

"அண்ணைக்கு நான் பேசினது..."

"சரியாத்தானே பேசினீங்க." அவன் குரலில் கோபமில்லை. "இங்கயே ஒரு ஆஸ்பத்திரியில வேலைக்கு வரச் சொல்லியிருந்தாவ. வெளிநாட்டுக்குப் போகலன்னு சொல்லத்தான் அண்ணைக்கு வந்தேன். நீங்க பேசினதக் கேட்ட பெறவு, என்னப் பிடிக்கலன்னுதான் நெனச்சேன். அந்த வேலைய வேண்டாம்னுட்டேன். இப்ப மூணு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டாச்சு."

போகவில்லை என்று சொல்ல வந்தவனைப் பேசிப் பேசிப் போகவைத்தவள் அவளேதானா...

"இனி மாத்த முடியாதா?"

"இங்க வேற ஆளு சேந்தாச்சு. இந்த மழைக்காலத்துல எங்க வீட்டக் கடலு கொண்டுபோயிட்டு. அப்பாவுக்கு ஒரு கூரை வேணும்... போயாகணும்."

விசில் கேட்டது. அவன் ஏறி வாசலில் நின்றான்.

"ஜெனித்... எனக்கு உங்கள பிடிக்கும். அண்ணைக்கும் பிடிச்சுது. பயந்துதான் அவ்வளவும் பேசினேன்."

அவன் கண்கள் நிறைந்தன. "எனக்கு மாறல சபிதா. ஆனா காத்திருன்னு சொல்ல வாயி வரல."

"நீங்க சொல்லண்டாம்."

ரயில் நகர்ந்தது. கூடவே நடந்தாள், பிளாட்பாரம் முடியும்வரை. கடைசிப் பெட்டியும் வளைவில் மறைந்தது.

தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்த டைட்டஸ் மூச்சிரைக்க அவள் அருகில் நின்றார். கையில் இருந்ததைக் கொடுக்க முடியவில்லை அவருக்கு. கண்ணீரில் நனைந்த அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீ யாரு மக்கா?"

டீச்சர் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"அவருக்கு வேண்டியவ, மாமா..."