சிவப்புச் சாவி

புல் வெட்டும் மெஷினைக் கவிழ்த்ததும் பேட்ரிசியாவின் கண்ணில் முதலில் பட்டது பச்சைப் புல். பழைய புல்லாக இருந்தால் காய்ந்து கறுத்துத் தகட்டோடு இறுகிப் போயிருக்க வேண்டும். இதுவோ ஈரம் உலராமல், இப்போதுதான் வெட்டிய பச்சை வாசத்தோடு கத்தியைச் சுற்றி அப்பிக் கிடந்தது. பதினோரு மாதமாக யாரும் தொடாத மெஷின் அது. ஸ்டோர் பூட்டுக்குச் சாவி இல்லாமல் இன்று மதியம்தான் சுத்தியலால் உடைத்து, அதை வெளியே இழுத்து, முன்பக்கப் போர்ச்சுக்குக் கொண்டு வந்திருந்தாள்.

எலி இழுத்துப் போட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எலி ஈரப் புல்லைக் கத்தியில் சுற்றி வைக்குமா என்று உடனே கேட்டது அவளுடைய மனசு. அதற்கு ஒரு அதட்டல் போட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

நாளைக் காலை பத்து மணிக்கு வீடு பார்க்க ஆள் வருகிறார்கள். முழங்கால் உயரத்துக்குப் புல் மண்டிக் கிடந்தால் காரை விட்டே இறங்க மாட்டார்கள். கூலாயில் அந்தத் தாமான் குடியிருப்பின் கடைசி வீடு, பின்னால் செம்பனைத் தோட்டம், வாங்க வருகிறவர்களே குறைவு. வீடு மட்டும் கைமாறிவிட்டால் ஜொகூர் பாருவில் மகள் அபிகெயிலோடு போய் இருந்துகொள்ளலாம். துணிமணி எல்லாம் ஏற்கெனவே பெட்டியில். கணவன் மரியநாதனைக் கேட்காமல் வாசற்படி தாண்ட முடியாத இருபத்திரண்டு வருஷம் இந்தச் சுவர்களுக்குள்ளேதான் கழிந்தது. இந்த வீட்டை விட்டுத் தொலைந்தால் போதும் அவளுக்கு.

மெஷின் விற்ற கடையில் மகேஸ்வரன்தான் போனை எடுத்தான். தங்கமான பையன், அலுக்காமல் பேசுவான்.

"பேட்டரியில எத்தன லைட் எரியுது அக்கா?"

"மூணு."

"சார்ஜ் போட்டீங்களா?"

"இல்ல லா. இப்பதான் வெளியவே எடுத்தேன். அவரு போனதிலிருந்து உள்ளயே கெடந்துச்சு."

"பதினோரு மாசமா? இருக்காதே. அது எப்பவோ செத்திருக்கணுமே. சரி, ஹேண்டில நல்லா நிமித்துங்க. பட்டன அமுக்கிக்கிட்டே லீவர இழுங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு மெஷினை நிமிர்த்தினாள். அமுக்கினாள், இழுத்தாள். ஒரு முனகல்கூட இல்லை.

"அப்ப சாவிதான். பேட்டரி மூடியத் தொறந்தா உள்ள செவப்பா ஒரு பிளாஸ்டிக் சாவி சொருகியிருக்கும் பாருங்க. அது இல்லாம கர்த்தரே வந்தாலும் ஓடாது. சேஃப்டி அக்கா."

மூடிக்குள் ஓட்டை காலியாக இருந்தது. அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்பது அந்த நொடியே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

செத்தவருக்குப் பிடித்த சாமானைப் பெட்டியில் வைத்து அனுப்புவது அந்தக் குடும்பத்து வழக்கம். மாமனாருக்கு வெற்றிலைப் பெட்டி, பெரிய நாத்தனாருக்கு ஜெபப் புத்தகம். மரியநாதனுக்குப் பிடித்தது இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்து. கிரில், கதவுகள், ஸ்டோர், அலமாரி, புல் மெஷின்கூட அதில் அடக்கம். பெட்டியை மூடும் முன் பேட்ரிசியாவே அதை அவர் சட்டைப் பையில் போட்டாள். பார்த்தவர்கள் எல்லாம் என்ன பாசம் என்று அழுதார்கள். தொலையட்டும் இத்தோடு என்றுதான் அவள் போட்டாள்.

"அக்கா, இருக்கீங்களா?"

"சாவி இல்லப்பா. அவரோடயே போயிருச்சு."

அவன் என்ன புரிந்துகொண்டானோ, குரலைத் தணித்துக்கொண்டான். "பரவால்ல அக்கா, நாளைக்கு விடியக்காலையிலேயே வேற சாவி கொண்டாந்து தரேன். அதுக்குள்ள அடியில இருக்கிற புல்லச் சொரண்டி வெச்சிருங்க. பேட்டரியக் கழட்டிட்டு. நான் லைன்லயே இருக்கேன்."

மழை இருட்டு கட்டிக்கொண்டு வந்தது. செம்பனைப் பக்கமிருந்து ஈரக்காற்று வீச, எங்கோ ஒரு நாய் விடாமல் குரைக்க, பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு மெஷினை மறுபடி சாய்த்துப் பழைய கரண்டியால் அவள் சுரண்டச் சுரண்ட, புல்லோடு புல்லாகச் சின்னச் சின்னச் சிவப்புத் துண்டுகள் உதிர்ந்தன. நகத்தால் கீறிப் பார்த்தாள். மெழுகு. உருகி, வழிந்து, இறுகிய மெழுகுவர்த்தி.

போன வாரம்தான் கல்லறைத் திருநாள். அவள் போகவில்லை. அபிகெயில் தனியாகப் போய் அப்பாவின் கல்லறையில் சிவப்பு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

மோட்டார் மேல் கை பட்டது. சூடு. வெயில் சூடு இல்லை. ஓடின சூடு.

"மாதாவே," என்றாள். கரண்டி கையிலிருந்து நழுவியது. போனை மட்டும் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். கிரிலை இழுத்து, கம்பி வழியே கையை விட்டு, அவர் போனபின் மாற்றிய புதுப் பூட்டை அமுக்கினாள். கிளிக். அப்புறம்தான் பார்த்தாள். புதுச் சாவிகள் வெளியே, மெஷின் பக்கத்தில், தரையில் கிடந்தன. கையை நீட்டினாள். எட்டவில்லை.

மரக்கதவைச் சாத்தி, அதன் மேல் சாய்ந்து நின்றாள். உள்ளே இருக்கிறோம், பூட்டெல்லாம் புதுசு, யாரும் வர முடியாது என்று மந்திரம்போலச் சொல்லிக்கொண்டாள்.

கதவுக்கு அந்தப் பக்கம், பேட்டரி உட்காரும் சத்தம். டக்.

மூடி மூடும் சத்தம்.

பிறகு மெஷின் ஓட ஆரம்பித்தது.

"ஆ! ஓடுது பாருங்க!" போனில் மகேஸ்வரன் சிரித்தான். "கேக்குது அக்கா. சாவி கெடச்சிருச்சா?"

அவள் கதவில் காதை வைத்தாள்.

சத்தம் போர்ச்சை விட்டு இறங்கிப் புல்லுக்குள் போனது. நிதானமாக. வரிசை பிசகாமல். மரியநாதன் வெட்டுவதும் அப்படித்தான், ஒரு இழை விடமாட்டார். கூடத்து ஜன்னலைத் தாண்டியது. திரைக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. படுக்கையறைப் பக்கம் போனது. பக்கச் சுவரை ஒட்டிப் போனது.

பின்பக்கம்.

ஐயோ, பின்கதவு.

முன்கதவுக்கும் கிரிலுக்கும்தான் பூட்டு மாற்றினாள். பின்கதவுக்கு ஏற்ற பூட்டு கடையில் இல்லை என்றார்கள். செம்பனைக்குள்ளிருந்து யார் வரப்போகிறார் என்று அவளும் விட்டுவிட்டாள். உள்தாழ்ப்பாளும் கிடையாது. ஒருநாள் கோபத்தில் அவரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினாள் என்று மரியநாதனே அதைப் பிடுங்கி எறிந்திருந்தார்.

அடுப்படிக்கு ஓடினாள். மேசையை இழுத்தாள். பாதி தூரம் வந்து மேசை மாட்டிக்கொண்டது.

வெளியே சத்தம் பின்வாசற்படிக்கு வந்துவிட்டது. கதவுக்கு அடியில் இருந்த விரற்கடை இடுக்கு வழியாகப் புல் உள்ளே தெறித்தது. பச்சையாக. ஈரமாக. அவள் வெறும் கால்மேல்.

சத்தம் நின்றது.

"அக்கா? அப்ப எல்லாம் ஓகே தானே? நான் வெச்சிரட்டுமா?"

"வெக்காத," என்றாள். அவனுக்கு அது கேட்கவில்லை. போன் அடங்கிவிட்டது.

கதவுக்கு வெளியே சாவிகள் குலுங்கின. தேடவில்லை. ஒன்றை மாற்றி ஒன்று போட்டுப் பார்க்கவில்லை. முதல் சாவியே உள்ளே இறங்கியது. ஒரு சுற்று. இரண்டு சுற்று.

கைப்பிடி மெதுவாகக் கீழே இறங்கியது. திறந்த இடுக்கில் முதலில் வந்தது ஒரு கை. சவப்பெட்டிக்குப் போட்டனுப்பிய வெள்ளைச் சட்டையின் முழுக்கை, பித்தான் போட்டபடி, மண் ஊறி. அந்தக் கை சாவியைப் பூட்டிலிருந்து உருவி, கதவைச் சுற்றி உள்ளே வந்து, உள்ளிருந்து பூட்ட, உள்பக்கத்துத் துளையில் அதைச் செருகியது.