லோசனியின் பன்னிரண்டு விசைகள்

செவ்வாய்க் குடியிருப்பில் பதினெட்டு வருடம் முடித்தவர்களுக்குக் குரல்நாணை எடுத்துவிடுவார்கள். தூசி தின்ற தொண்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கண்புரை எடுப்பது போலத்தான். காலையில் போனால் மதியம் வீடு திரும்பிவிடலாம். முன்னங்கையில் பன்னிரண்டு விசைகள் கொண்ட பேச்சுத்தட்டைப் பொருத்துவார்கள். விசையை அழுத்தினால், அவரவர் பழைய குரலிலேயே ஒரு முழு வாக்கியம் வரும்.

அதை இரண்டு விதமாக ஓட்டலாம். மென்பொருள் வழியில், எந்த விசைக்கு எந்த வாக்கியம் என்று மையக் கணினியே இடம் பார்த்து, ஆள் பார்த்துத் தீர்மானிக்கும். தன்நினைவு வழியில் தட்டுக்குள் இருக்கும் பன்னிரண்டு வாக்கியம்தான். அணிபவரே எழுதிப் பதிய வேண்டும், வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம். மூன்று வாரச் சோதனையில் ஒரு நாள் இது, மறுநாள் அது. எந்த நாளில் எது என்று வீட்டாருக்குச் சொல்ல மாட்டார்கள். பிறகு ஒன்றைத் தேர்ந்து பூட்டினால் ஆயுளுக்கும் அதுதான்.

சபேசன் தன் மனைவி லோசனியைப் பூட்டுமிடத்துக்கு அழைத்து வந்திருந்தார். குறைகளை வேறு எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

“மேடம் கட்டைவிரல் வச்சாப் போதும் சார்” என்றாள் அங்கே வேலை பார்க்கும் பிலோமினா.

“தன்நினைவையே பூட்டிருங்கம்மா. எனக்கு என் லோசனிதான் வேணும், மிஷின் வேண்டாம்.”

லோசனிக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. தன் சொந்தப் பேச்சை மனிதர் கண்டுபிடித்துவிட்டாரே என்று அவரை ஆசையாகப் பார்த்தாள்.

“அந்த மென்பொருள் சுத்த மோசம்” என்று அவர் தொடர்ந்தார். “வடக்குப் பகுதிக்கு வீடு மாத்தலாம்னு சொன்னேன். ‘உங்க இஷ்டங்க’ன்னா. மறுநாள் மிஷின் புகுந்துக்கிட்டு, ‘நான் வரலை, எனக்கு இங்க வேலை இருக்கு’ங்குது. ‘நேத்துப் பேசினது நான் இல்லை’ன்னு பொய் வேற.”

லோசனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ‘நான் வரலை’ என்ற அந்த வாக்கியத்தை எழுத அவளுக்கு ஓர் இரவு முழுக்க ஆகியிருந்தது.

பிலோமினா தேதிப் பட்டியலைத் திறந்தாள். இரண்டு முறை சரிபார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். “சார், ‘உங்க இஷ்டங்க’ன்னு சொன்னது மென்பொருள். கேக்கறவங்க முகம் கோணாத வாக்கியமாப் பார்த்து எடுக்கும். ‘நான் வரலை’ன்னது மேடம் தானா எழுதினது.”

“அதெப்படி? இருபத்தாறு வருஷமா இவ ‘உங்க இஷ்டங்க’தானே சொல்லிட்டிருந்தா?”

“ஆமா சார். உங்க வீட்டுப் பேச்சைக் கேட்டுத்தான் அது கத்துக்கிச்சு.”

சபேசன் கையிலிருந்த காகிதத்தை மடித்தார், பிரித்தார். அவர் கெட்டவர் அல்லர். நல்ல மனிதர்கள் சங்கடத்தில் செய்வதைத்தான் அவரும் செய்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அப்படின்னா மென்பொருளே இருந்துட்டுப் போகட்டுமே. பழகின குரல் பாருங்க. அதைப் பூட்டினவங்க யாராவது அப்புறம் குறை சொல்லியிருக்காங்களா?”

“இதுவரைக்கும் ஒருத்தர்கூட இல்லை சார்” என்றாள் பிலோமினா. “மாசாமாசம் கூப்பிட்டு விசாரிக்கிறோம். எல்லாரும் தட்டை அழுத்தி ‘ரொம்பத் திருப்தி’ன்னுதான் சொல்றாங்க.”

சபேசனுக்கு அது ஆறுதலாக இருந்தது. பிலோமினா ஏன் தன்னை அப்படிப் பார்க்கிறாள் என்பதுதான் புரியவில்லை. புரிய ஆரம்பித்த நேரத்தில் மேசையில் ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்டது. லோசனி கண்ணாடிப் பலகையிலிருந்து கட்டைவிரலை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“பூட்டியாச்சு சார்.”

“எதை?” என்று சபேசன் பதறிப்போய்க் கேட்டார், பிலோமினாவிடம்.

லோசனி ஒரு விசையை அழுத்தினாள்.

“என்னைக் கேளுங்க.”