ஊதாதீங்க மாமா

"மேசையில ஒரு கீறல் விழட்டும், அப்புறம் உனக்கு இந்த வீட்டுல சோறு கிடையாது."

"விழாதுக்கா. நாலு இழுப்பு இழுத்தா வேலை முடிஞ்சுது."

அக்காவும் தம்பியும் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. பக்கத்து வீட்டில் இருந்த நாங்கள் அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்துவிட்டோம். அக்கம்பக்கத்தில் அக்கறை வேண்டாமா?

தம்பிக்குச் சைக்கிள் பைத்தியம். சைக்கிள் சீட்டைத் தாங்குகிற குழாய் ஒன்றைப் புதிதாக வாங்கி வந்திருந்தார். இரும்பு இல்லை, கார்பன் ஃபைபர். முடியைவிட மெல்லிய கரி இழைகளைப் பசையில் தோய்த்து இறுக்கிச் செய்தது. எடையே தெரியாது. அதைப் பிடித்துக்கொண்டு அவர் நடந்ததைப் பார்த்தால், முடிசூட்டு விழாவுக்குப் போகிறார் என்று நினைப்பீர்கள். ஆனால் குழாய் ஒரு விரல் நீளம் அதிகம். அடிப்பக்கத்தை வெட்ட வேண்டும்.

கடைசியில் அக்காதான் இறங்கிவந்தார். மேசைமேல் செய்தித்தாள் விரித்தார்கள். வெக்கைக்கு ஃபேனை வேகமாக வைத்தார்கள். ரம்பம் கரகரவென்று ஓடியது.

மூலையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பட்டாணி தலையைத் தூக்கினாள். அக்காவின் மகள். உருவம் சிறியது என்பதால் தெருவே வைத்த பெயர்.

ஜன்னல் வெயிலில் கறுப்புத் தூள் மினுமினுத்தது. அது கீழே விழவில்லை. ஃபேன் காற்றில் மிதந்து, பாதி திறந்திருந்த அறைக் கதவை நோக்கிப் போனது.

உள்ளே அவளுடைய தம்பிப் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தான்.

போன மாதம் அவனுக்கு இளைப்பு வந்தது. மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சில் விசில் கேட்டது. அம்மா செருப்புகூடப் போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அந்த விசில் இன்னும் பட்டாணியின் காதில் இருந்தது.

அவள் எழுந்து ஓடினாள். கதவை இழுத்துச் சாத்தினாள். ஃபேனை நிறுத்தினாள்.

"யாரு ஃபேனை நிறுத்தினது?" என்று மாமா அதட்டினார். மேசையைச் சுத்தம் செய்வதாக நினைத்துக் கன்னத்தை உப்பவைத்து ஊதப் போனார்.

"ஊதாதீங்க மாமா. அங்க பாருங்க."

அவள் காட்டிய வெயில் பட்டையைப் பெரியவர்கள் இருவரும் பார்த்தார்கள். மேசையைப் பற்றி அவ்வளவு சண்டை போட்டவர்கள், காற்றை அப்போதுதான் பார்த்தார்கள்.

உள்ளே பாப்பா இருமினான்.

மாமா கதவுக்குப் பாய்ந்தார். அவர் கையும் சட்டையும் கரியாக இருந்தன. கையை வேறு சொறிந்துகொண்டே ஓடினார்.

பட்டாணி கதவை மறித்து நின்றாள். "நீங்க போகாதீங்க மாமா. உங்க மேலதான் எல்லாம் இருக்கு. அம்மா போகட்டும்."

அம்மா உள்ளே போய்ப் பாப்பாவின் நெஞ்சில் காதை வைத்தார். வெளியே யாரும் அசையவில்லை. ஜன்னலில் இருந்த நாங்களும்தான்.

"விசில் இல்லை" என்றார் அம்மா. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் தோளில் பாப்பா சிரித்தான்.

பட்டாணி ஈரத்துணியால் மேசையையும் தரையையும் துடைக்கச் சொன்னாள். மாமா குனிந்து துடைத்தார். பிறகு அவள் மருந்துக்கடைக்கு ஓடினாள். கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் அக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டு, மெல்லிய மாஸ்க் உதவாது என்று கெட்டியானதைக் கொடுத்தார். கூடவே, "உங்க மாமாவுக்கு மூளையும் கெட்டியா" என்று விசாரித்தார். பட்டாணி அதை அப்படியே வந்து ஒப்பித்தாள்.

மீதி வேலை கொல்லைப்புறத்தில் நடந்தது. மாஸ்க், கண்ணாடி, கையுறை. வெட்டும் இடத்தில் இழை பிரியாமல் இருக்க டேப். துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை மாமா ஒரு கையில் பிடித்துப் பீய்ச்சிக்கொண்டே அறுத்தார். பட்டாணி மூடிய ஜன்னலுக்குப் பின்னால் நின்று, தண்ணீர் நின்றால் கண்ணாடியைத் தட்டினாள். தூள் பறக்கவில்லை. கறுப்புச் சேறாக வழிந்தது. அதைத் துணியில் ஒற்றிப் பையில் கட்டினார்கள்.

சாயங்காலம் வரை எல்லாரும் பாப்பாவின் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். அவன் பால் குடித்துவிட்டு மாமாவின் மூக்கைப் பிடித்து இழுத்தான்.

அதற்குப் பிறகு மாமா மருந்துக்கடைக்கு அடிக்கடி போனார். ஒருநாள் தலைவலி என்று, மறுநாள் தலைவலி போய்விட்டது என்று சொல்ல. அடுத்த வருடம் அந்தக் கடை அக்கா பட்டாணிக்கு அத்தை ஆனார். மாமாவும் அத்தையும் வேறு ஊருக்குக் குடிபோனபோது, பட்டாணி அந்தத் தண்ணீர் பாட்டிலைச் சாமான்களோடு வைத்து அனுப்பினாள்.

அங்கே மாமா ரம்பத்தை எடுத்தாலே, அத்தை முதலில் ஃபேனை நிறுத்துகிறாராம்.