வாளியில் விழாத தண்ணீர்

மாலை 5.10. நல்லூர்.

தேநீருடன் அறைக்கதவைத் திறந்தாள் உதயகலா. கட்டிலில் கனகரத்தினம் மல்லாந்து கிடந்தார். தலையணை அவர் காலடியில் கிடந்தது. ஏசி நின்றிருந்தது.

மாலை 6.00.

"மூச்சை அடைச்சுக் கொலை செய்திருக்கினம்," என்றார் வைத்தியர். "உடம்பிலை இன்னும் நல்ல சூடு. நாலு மணிக்குப் பிறகுதான் நடந்திருக்கோணும். ஆனா தாடை அதுக்குள்ளை இறுகிப்போச்சு. அது ஏனெண்டுதான் விளங்கேல்லை."

பொலிஸ் பரிசோதகர் தர்சிகா அறையைச் சுற்றிப் பார்த்தாள். அலுமாரியில் ஓர் இளைஞனின் சட்டைகள் தொங்கின. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக யாரும் அணியாத சட்டைகள்; எல்லாம் மடிப்புக் கலையாமல் அழுத்தப்பட்டிருந்தன.

"லக்சன்ரை," என்றாள் உதயகலா. "ஐயாவின்ரை மகன். கடைசிச் சண்டையிலை காணாமல் போனவர். வந்தா வெக்கையிலை படுக்கக்கூடாதெண்டுதான் ஐயா ஏசி பூட்டினவர்."

பதினொரு ஆண்டுகளாக அவள் அந்த வீட்டில் வேலை செய்கிறாள். அன்று பிற்பகல் முழுவதும் வீட்டில் அவளைத் தவிர வேறு யாரும் இருக்கவில்லை.

"ஏசி ஓடினதோ அக்கா?"

"ஓம் மிஸ். நாலரை மணிவரை இரைச்சல் கேட்டது."

பொலிஸ்காரர் தம்பிராசா ஜன்னலால் எட்டிப் பார்த்தார். ஏசிக் குழாயில் வடியும் தண்ணீரைச் செவ்வரத்தைச் செடிக்கு ஊற்றுவதற்காக உதயகலா வைத்த வாளி கீழே இருந்தது.

"வாளி காஞ்சு கிடக்குது. ஏசி ஓடவேயில்லை. இவ பொய் சொல்லுறா. கூட்டிக்கொண்டு போவம் மிஸ்."

"நான் பொய் சொல்லேல்லை." உதயகலாவின் குரல் தாழ்ந்தது. "கதவைத் திறக்க, ஆரோ முகத்திலை மூச்சு விட்ட மாதிரிச் சூடு. லக்சன் வந்திட்டாரோ எண்டு நினைச்சன்."



மாலை 6.20.

கனகரத்தினத்தின் தம்பி மகன் ஜெயரூபன், பத்து நாட்களுக்கு முன் நோர்வேயிலிருந்து வந்தவன், கூடத்தில் உட்கார்ந்திருந்தான்.

"எத்தினை மணிக்கு வெளிக்கிட்டனீங்கள்?" என்று கேட்டாள் தர்சிகா.

"பன்னிரண்டே முக்காலுக்கு. பெரியப்பா நித்திரை. எழுப்பவேண்டாமெண்டு உதயகலாவுக்குச் சொல்லிப்போட்டு நீர்வேலிக்குப் போனன். அங்கை கலியாண வீடு. நாப்பது பேர் கண்டவை."

"உங்கடை வீட்டிலை ஏசி இருக்கோ?"

"நோர்வேயிலையோ? ஓம், குளிருக்கு அதுதான்."

"குளிருக்கு ஏசியாம்," என்று முணுமுணுத்தார் தம்பிராசா. "அப்ப வெய்யிலுக்குக் கம்பளியோ?"

தர்சிகா எழுந்து வீட்டின் பின்பக்கம் போனாள். மழை பெய்து நான்கு நாட்கள். வீட்டைச் சுற்றிய வளவு மணல் காய்ந்து கிடந்தது. சுவரில் பூட்டிய ஏசியின் வெளிப்பெட்டிக்குக் கீழே மட்டும் அது ஈரமாக இருந்தது.

அறைக்குத் திரும்பி றிமோட்டை எடுத்தாள். திரையில் சூரியக் குறி. பக்கத்தில் 30.

மாலை 6.50.

"ஏசி ஓடியிருக்குது," என்றாள் தர்சிகா. "குளிரைத் தந்தா தண்ணி வாளியிலை விழும். சூட்டைத் தந்தா வெளிப்பெட்டியிலை வடியும். அறையைச் சூடாக்கி உடம்பை ஆறவிடாமல் வைச்சிருக்கினம். தாடைதான் சரியான நேரத்தைச் சொன்னது: மத்தியானமே செத்திட்டார்."

"வெய்யிலுக்கெண்டு இவ சூரியன் பட்டனை அமத்தியிருப்பா மிஸ். எங்கடை வீட்டிலையும் அப்பிடித்தான்."

"அப்பிடி நினைச்சு அமத்திறவை இலக்கத்தைக் குறைப்பினம், தம்பிராசா அண்ணை. இது முப்பதிலை நிக்குது. சூரியன் எண்டா சூடு எண்டு தெரிஞ்ச ஆள் அமத்தினது. நேரம் பிந்தினதாய்க் காட்டினா அக்காவுக்குத்தான் ஆபத்து. நாலரைக்குத் தானாய் நிக்க வைச்சிட்டு, கலியாண வீட்டுக்குப் போன ஆளுக்குத்தான் அது உதவி."

அவள் ஜெயரூபனைப் பார்த்தாள். அவன் நிலத்தைப் பார்த்தான்.

"லக்சன் செத்திட்டான் எண்டு பதிஞ்சு, வீட்டை என்ரை பேருக்கு எழுதச் சொன்னன். ஒரு கையெழுத்து. 'எழுதினா அவன் வந்து எங்கை படுப்பான்?' எண்டு கேட்டார். நெடுகலும் அதைத்தான் கேட்டார்."

இரவு 7.30.

ஜெயரூபனை ஏற்றிய வாகனம் போய்விட்டது. தம்பிராசா கேற்றுக்குப் பூட்டுப் போட்டார்.

"அக்கா, நீங்கள் வீட்டை போகலாம்," என்றாள் தர்சிகா.

உதயகலா நகரவில்லை.

"மிஸ், என்ரை போன் நம்பரைக் கேற்றிலை எழுதி ஒட்டலாமோ? பூட்டின வீட்டுக்கு லக்சன் வந்தா ஆரைக் கேப்பார்?"

தர்சிகா தன் பேனையை எடுத்துக் கொடுத்தாள்.